ஹெட்செட்டை எந்தக் காதை வெச்சு அளக்கறீங்க?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல வயர் இல்லாத ஹெட்செட் எது வாங்கலாம்னு அரைப் பக்கத்துக்குப் போட்டிருந்தீங்க, படமெல்லாம் பளபளன்னு இருந்துச்சு, நானும் டீக்கடைல உக்காந்து கடைசி வரி வரைக்கும் படிச்சேன். பேஸ் எப்படி அடிக்குது, எத்தன மணி நேரம் சார்ஜ் நிக்கும், எத்தன கலர்ல வருது, எல்லாம் இருந்துச்சு. ஒண்ணு மட்டும் இல்ல. அத மாட்டிக்கிட்டு நாம போன் பேசினா எதிர்ல இருக்கறவங்களுக்கு என்ன கேக்கும்? அதப் பத்தி ஒரு வரி காணோம். போன்ல மாட்டற சாமானப் பத்தி எழுதறப்போ போன் பேசறதையே விட்டுட்டீங்களேன்னு தான் இந்தக் கடுதாசி.

நான் நாமக்கல்ல லாரி புக்கிங் ஆபீஸ் வெச்சிருக்கேனுங்க. காலைல ஏழு மணிக்கு காதுல மாட்டினா ராத்திரி ஒம்பது வரைக்கும் பேச்சுதான், லோடு இருக்கா, வண்டி எங்க நிக்குது, வாடகை எவ்ளோ, அட்வான்ஸ் போட்டாச்சா, பில்டி அனுப்பியாச்சா. நாளுக்கு நூறு காலுக்குக் கொறையாது. இதுல ஆபீஸ் சுவத்துக்கு அந்தப்பக்கம் லாரிக்கு பாடி கட்டற பட்டறை. ஒரு நிமிஷம் கிரைண்டர் கிர்ர்ருங்கும், அடுத்த நிமிஷம் தகரத்துல சுத்தியல் விழும். பாட்டு கேக்கறதுக்கு எனக்கு ஏதுங்க நேரம். என்னை மாதிரி ஆளுங்க ஊருக்கு ஊரு இருக்காங்க, புரோக்கர், மண்டிக்காரங்க, ஆர்டர் எடுக்கற பசங்க, வெளியூர்ல இருக்கற புள்ளைகிட்ட வேலை செஞ்சுக்கிட்டே பேசற அம்மாமாருங்க. இவங்களுக்கெல்லாம் பேஸ் எதுக்கு?

மூணு வருஷத்துல நாலு ஹெட்செட் வாங்கிட்டேன். மொதல்ல வாங்கினது இப்ப எல்லாரும் காதுல சொருகிக்கற அந்த குட்டி ஜோடி. கடைல ஒரு பாட்டு போட்டுக் காட்டினாங்க, அடேங்கப்பா, பக்கத்துல உக்காந்து வாசிக்கற மாதிரி இருந்துச்சு, உடனே காசக் குடுத்துட்டேன். அதோட வந்த வினைதான் இது, கேளுங்க. சேலத்துல இருந்து நாக்பூருக்கு ஒரு ஜவ்வரிசி லோடு. பார்ட்டியோட கணக்குப்புள்ளைக்கு வண்டி நம்பர் சொன்னேன், ஈ-வே பில் போடறதுக்கு, அதான் சரக்கோட வண்டில போற ஜிஎஸ்டி சீட்டு. நான் சொன்னது எஃப். அவருக்குக் கேட்டது எஸ். அவரு மேல தப்பில்ல, திருப்பி வேற சொன்னாரு, எஸ் தானேன்னு, பட்டறைல சுத்தியல் விழுந்த நேரம் எனக்கு அது எஃப்னு கேட்டுச்சு, ஆமாங்கன்னுட்டேன். மறுநா வழில செக்கிங்ல வண்டி நின்னுபோச்சு. டிரைவர் தம்பி கூப்பிட்டு, அண்ணா பேப்பர்ல இருக்கறது வேற வண்டி நம்பருங்கறாங்கன்னான். நம்பர்ல ஒண்ணு ரெண்டு எழுத்து மட்டும் மாறியிருந்தா ஆயிரம் ரூவா அபராதத்தோட விட்டுரணும்னு 2018-லயே ஜிஎஸ்டில சர்க்குலர் இருக்கு, அதனால ஆயிரத்தோட போச்சு. ஆனா அரை நாள் வண்டி நின்னுச்சு, பார்ட்டி நூறு தரம் கூப்பிட்டாரு, அந்த நூறு காலையும் நான் அதே ஹெட்செட்லதான் எடுத்தேன், அதான் கூத்து.

அன்னைக்குச் சாயந்திரம் எங்க அக்கா பையன் வந்திருந்தான், இசிஇ படிச்சவன். நடந்தத சொன்னேன். சிரிச்சுட்டு, மாமா நீங்க கடைல எந்தக் காதுல கேட்டு வாங்கினீங்கன்னான். எங்காதுலதாண்டான்னேன். அங்கதான் மாமா தப்பு, போன் பேசறதுக்கு வாங்கறவன் எதிராளி காதுல கேட்டு வாங்கோணும்னான். இந்த ஒரு வார்த்தைக்காகவே அவனுக்கு அன்னைக்கு முட்டை புரோட்டா வாங்கிக் குடுத்தேன்.

அவன் சொன்னத எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன். புளூடூத்ல பாட்டு வர்ற ரோடு வேற, பேச்சு போற ரோடு வேறயாம். பாட்டு வர்றது ஒன்வே, போன்ல இருந்து காதுக்கு மட்டும், முழு ரோடும் அதுக்கே, அதான் அவ்ளோ நல்லா இருக்கு. கால் வந்ததும் போகவும் வரவும் ரெண்டு பக்கமும் வேணும், அப்போ ரோட்டை மாத்தி ஒத்தயடிப் பாதைல உட்ருது. பழைய முறைல அந்தப் பாதைல 300 ஹெர்ட்ஸ்ல இருந்து 3400 ஹெர்ட்ஸ் வரைக்கும் உள்ள சத்தம்தான் போகும், அந்தக்கால லேண்ட்லைன் மாதிரி. ஹெர்ட்ஸுங்கறது சத்தம் எவ்ளோ கீச்சுன்னு இருக்குன்னு காட்டற அளவு. எஸ்ஸுக்கும் எஃப்புக்கும் வித்தியாசம் காட்டற அந்த உஸ்ஸு புஸ்ஸு சத்தம் பெரும்பாலும் அதுக்கு மேலதான் இருக்காம், அது அப்படியே வெட்டுப்பட்டுப் போயிருது. பாத்தீங்களா, என் ஆயிரம் ரூவா எங்க போச்சுன்னு. 2011-ல வந்த புது முறைல 7000 ஹெர்ட்ஸ் வரைக்கும் போகுமாம், ஆனா ஹெட்செட்டும் போனும் ரெண்டுமே அத சப்போர்ட் பண்ணோணும், நெட்வொர்க்கும் வோல்ட்டியா, அதான் 4ஜி லைன்லயே பேச்சு போற மாதிரி இருக்கோணும், எதிர்ல டிரைவர் பட்டன் போன்ல 2ஜில பேசினா நாம எத மாட்டியும் பிரயோஜனமில்ல. டப்பா மேல எல்டாக், ஆப்டெக்ஸ்னு பெருசா அச்சடிச்சிருப்பாங்களே, அதெல்லாம் பாட்டு ரோட்டுக்கு, காலுக்கு அது வேலைக்கே வராது. உங்க கட்டுரைல அதுக்குத்தான் மார்க் அள்ளிப் போட்டிருந்தீங்க.

அடுத்தது இந்த நாய்ஸ் கேன்சலிங். கடைக்காரரு சொல்றாரு, சார் இதுல ஏஎன்சி இருக்கு, பட்டறை சத்தமே கேக்காதுன்னு. உண்மைதான், எனக்குக் கேக்கல. எதிர்ல இருக்கறவங்களுக்கு முழுசா கேட்டுச்சு! ஏஎன்சிங்கறது நம்ம காதுக்குள்ள வர்ற சத்தத்த அமுக்கறது. நம்ம குரலோட சேந்து போற இரைச்சலக் கழிக்கறது வேற, அதுக்கு இஎன்சின்னு பேரு வெச்சிருக்காங்க. ரெண்டுக்கும் ஒரு எழுத்துதான் வித்தியாசம், கடைப் பசங்க ரெண்டையும் ஒண்ணாவே சொல்லி வித்துர்றாங்க. அந்த இஎன்சியும் என்ன லட்சணம்னா, ஃபேன் சத்தம், ஓடற இன்ஜின் சத்தம் மாதிரி ஒரே சீரா வர்றத நல்லா கழிச்சுரும், திடீர்னு விழற சுத்தியல், ஹாரன், பக்கத்து டேபிள்காரன் பேச்சு, இதெல்லாம் பாதி தப்பிச்சு உள்ள போயிரும். சிலதுல சத்தத்தக் கழிக்கறேன்னு நம்ம வார்த்தையோட வாலையும் சேத்து வெட்டிருது, தண்ணிக்குள்ள முங்கிக்கிட்டுப் பேசற மாதிரி இருக்கும்.

மைக் எங்க இருக்குங்கறதுதான் எல்லாத்துக்கும் ஆணிவேரு. காதுல சொருகற குட்டில மைக் காதுகிட்டயே இருக்கு, வாய்ல இருந்து சுமாரா 12 சென்டிமீட்டர் தள்ளி. வாய்க்கு முன்னாடி குச்சி நீட்டிக்கிட்டு வருமே பழைய மாடல், அதுல மைக் வாய்ல இருந்து ரெண்டு விரக்கடைதான். தூரம் நாலுல ஒரு பங்கா கொறஞ்சா குரலோட சக்தி பதினாறு மடங்கு கூடுதுங்கறான் மாப்ள, பட்டறை சத்தம் மட்டும் அப்படியேதான் இருக்கு. டப்பால நாலு மைக், ஆறு மைக்னு போட்டிருப்பாங்க. ஒரு மைக்க வாய்கிட்ட கொண்டுபோறதுக்கு முடியாததாலதான் ஆறு மைக் வெச்சு சமாளிக்கறாங்கன்னு இப்ப எனக்குத் தோணுது. நல்ல கம்பெனி நல்லாவே சமாளிக்குது, இல்லன்னு சொல்லல, ஆனா அதுக்கு குடுக்கற விலைக்கு எங்க ஆபீஸ்ல ரெண்டு மாச கரண்டு பில்லு கட்டிரலாம்.

சரி, டெஸ்ட் எப்படிப் பண்றது? நான் பண்ணினத சொல்றேன், நீங்க வேணா போட்டுக்கங்க. நாலு ஹெட்செட்டையும் எடுத்துக்கிட்டு பட்டறை வாசல்ல நின்னேன். வீட்டுல எங்க வீட்டுக்காரம்மா கைல நோட்டு பேனா. நான் ஒவ்வொண்ணுலயும் இருபது வண்டி நம்பர் படிச்சேன், தினமும் புதுசு புதுசா, ஏன்னா அதே நம்பரப் படிச்சா மனப்பாடமாயிரும். அவங்க கேட்டத எழுதோணும், திருப்பிக் கேக்கக் கூடாது. குட்டி ஜோடில ஏழு தப்பு. கழுத்துல மாலை மாதிரி போட்டுக்கற நெக்பேண்டுல நாலு தப்பு, அதுலயும் தலையத் திருப்பறப்போ மைக் சட்டைல உரசி கரகரன்னு ஒரு சத்தம் வேற. குச்சி மைக் வெச்ச ஒத்தக்காது மாடல்ல ஒண்ணே ஒண்ணு. நாலாவது, வாங்கின மூணாம் மாசமே ஒரு பக்கம் செத்துப்போன ஒண்ணு, அதப் பத்தி பேச்சே வேண்டாம். அப்பறம் மாப்ள சொன்னான், அமெரிக்கால பெல் டெலிபோன் கம்பெனி ஆய்வுக்கூடத்துல நூறு வருஷத்துக்கு முந்தியே இப்படித்தான் பாத்தாங்களாம், அர்த்தமே இல்லாத சின்னச் சின்ன அசைகள ஒருத்தர் படிக்க இன்னொருத்தர் எழுத, எத்தன சரின்னு எண்ணி லைன் நல்லாருக்கா இல்லையான்னு சொல்வாங்களாம். அர்த்தமுள்ள வார்த்தைன்னா மூளை தானே நிரப்பிக்கும், அதான் அப்படி. எங்க வீட்டுக்காரம்மாகிட்ட இதச் சொன்னேன். அவங்களுக்குச் சம்பளம் குடுத்திருப்பாங்கல்லன்னாங்க.

ஒண்ணு கவனம். வாட்ஸ்அப்ல வாய்ஸ் நோட் போட்டு டெஸ்ட் பண்ணி நம்பிராதீங்க. சில போன்ல ஹெட்செட் மாட்டியிருந்தாலும் வாய்ஸ் நோட்ட போன்ல இருக்கற மைக்கே பதிவு பண்ணிருது, நாம ஹெட்செட் சூப்பர்னு நெனச்சுக்குவோம். எனக்கு ரெண்டு நாள் அப்படித்தான் போச்சு. கால் போட்டுத்தான் பாக்கோணும்.

இன்னொரு விஷயம், இத யாருமே எழுதி நான் பாத்ததில்ல. ரப்பர் வெச்சு காத அடைக்கற மாடல் போட்டா நம்ம குரல் நமக்கே சரியாக் கேக்காது, அதனால நம்மள அறியாம கத்துவோம். பழைய லேண்ட்லைன் ரிசீவர்ல நாம பேசறது நம்ம காதுலயே லேசா திரும்பிக் கேக்கற மாதிரி வேணும்னேதான் பண்ணியிருந்தாங்க, சைட்டோன்னு சொல்வாங்களாம், அதனாலதான் அதுல யாரும் ரொம்பக் கத்தல. குட்டி ஜோடி போட்ட புதுசுல ஒரு நா வீட்டுல உக்காந்து ஒரு பார்ட்டிகிட்ட வாடகை பேசிக்கிட்டிருந்தேன், பக்கத்து வீட்டம்மா எட்டிப் பாத்து ஏனுங்க யாரோட சண்டைன்னு கேட்டுட்டுப் போச்சு. ஒத்தக்காது மாடல்ல இந்தத் தொல்லை இல்ல, ஒரு காது சும்மா இருக்கு, நம்ம குரலும் கேக்கும், வாசல்ல வந்து நிக்கற ஆளு கூப்பிடறதும் கேக்கும். ரெண்டு காதையும் நாள் பூரா அடைச்சு வெக்கறதும் நல்லதில்லைங்க. உலக சுகாதார நிறுவனம் பெரியவங்களுக்கு 80 டெசிபல்ல வாரம் 40 மணி நேரம்னு ஒரு அளவு சொல்லியிருக்கு. பட்டறை சத்தத்துக்குப் போட்டியா வால்யூம ஏத்தி ஏத்தி வெச்சா நான் அத வியாழக்கிழமையே தாண்டிருவேன்.

சார்ஜுக்கு வர்றேன். டப்பால 40 மணி நேரம்னு போட்டிருக்கும். அது சார்ஜ் ஏத்தற அந்தக் குட்டி டப்பிக்குள்ள திரும்பத் திரும்பப் போட்டு எடுக்கறதையும் சேத்து, அதுவும் பாட்டு கேக்கறதுக்கு. மைக் ஓடற கால்ல அதவிட வெரசா எறங்கும். என்னோட குட்டி ஜோடி அஞ்சு மணி நேரப் பாட்டுக்குச் சொன்னது, கால்ல மூணரைல பீப் பீப்புன்னு கத்த ஆரம்பிச்சுரும், அதுவும் கரெக்டா லோடு முடிவாகற நேரத்துல. இருக்கறவங்க ஒரு வழி பண்ணலாம், ஒரு காதுக்கு ஒண்ணு மட்டும் போட்டுட்டு இன்னொண்ண டப்பில சார்ஜுக்கு வெச்சு மாத்தி மாத்தி ஓட்டலாம், நான் அப்படித்தான் எட்டு மாசம் ஓட்டினேன். ஒண்ணு ரெண்டு வருஷத்துல அந்த மொச்சக்கொட்டை சைஸ் பேட்டரி சோர்ந்துரும், பிரிச்சு மாத்தவும் முடியாது, தூக்கிப் போட வேண்டியதுதான்.

கட் ஆகறதுக்கும் ஒரு காரணம் இருக்கு. ஆபீஸ்ல உக்காந்து பேசறப்போ ஒழுங்கா இருக்கற ஹெட்செட், லாரிப்பேட்டை மைதானத்துல நடந்தா விட்டு விட்டுக் கேக்கும். நான் ஹெட்செட் ரிப்பேர்னு நெனச்சேன். விஷயம் என்னன்னா, புளூடூத் ஓடறது 2.4 ஜிகாஹெர்ட்ஸ்ல, அத நம்ம ஒடம்புல இருக்கற தண்ணி நல்லா குடிச்சுரும். ஆபீஸ்ல சுவத்துல பட்டு சுத்திக்கிட்டாவது வந்து சேந்துரும், வெட்டவெளில மோத சுவரில்ல. போன் இடது டவுசர் பாக்கெட்ல, ஹெட்செட் வலது காதுலன்னா குறுக்க முழு ஒடம்பும் நிக்குது, எங்க தொப்பை சைஸும் உங்களுக்குத் தெரியாது. அதே பக்கத்து சட்டைப் பாக்கெட்டுக்கு போன மாத்தினேன், சரியாப் போச்சு. காசில்லாத ரிப்பேரு.

எனக்கு ரெண்டு போனு. ரெண்டுலயும் ஒரே நேரத்துல கனெக்ட் ஆகற மல்டிபாயிண்ட் இருந்தாத்தான் பொழப்பு ஓடும், அது இருக்கா இல்லையான்னு டப்பால பொடி எழுத்துல எங்கயோ இருக்கும், பாத்து வாங்கோணும். அப்பறம் பட்டன். தொட்டா வேலை செய்யற டச் வெச்சது எனக்கு ஆகாது, காதச் சொறிஞ்சா கால் கட்டாயிருது. ஒரு தரம் ஒரு பெரிய பார்ட்டி ரேட்டு சொல்லிக்கிட்டிருக்கறப்போ கட்டாயிருச்சு, அவரு நான் கோவிச்சுக்கிட்டு வெச்சுட்டேன்னு நெனச்சு ஐநூறு ஏத்திச் சொன்னாரு. அந்த ஒரு தடவை மட்டும் லாபம். அமுக்கினா டக்குனு சத்தம் வர்ற நெஜமான பட்டன், மியூட்டுக்குத் தனியா ஒண்ணு, அதுதான் வேணும்.

வயர் வெச்ச ஹெட்செட் எரநூறு முந்நூறு ரூவாக்குக் கெடைக்குமே, அத ஏன் வாங்கலன்னு கேப்பீங்க. கேள்வி சரிதான். குரலு புளூடூத்துல சுருங்கி விரியற வேலையே அதுல இல்ல, சார்ஜும் போட வேண்டாம், ஒரே எடத்துல உக்காந்து பேசறவங்களுக்கு இன்னைக்கும் நான் அதத்தான் சொல்வேன். எனக்கு நாற்காலி கைப்புடில மாட்டி வாரத்துக்கு ஒண்ணு அறுந்துச்சு, புது போன்ல சொருகற ஓட்டையும் இல்ல, அதான் விட்டுட்டேன்.

கடைக்காரங்களுக்கும் ஒண்ணு. காதுல போடற சாமான்னு சொல்லி சீல் பிரிச்சா திருப்பி எடுக்க மாட்டேங்கறாங்க, அது நியாயந்தான், ஒருத்தர் காது அழுக்கு இன்னொருத்தருக்கு எதுக்கு. ஆனா மாடலுக்கு ஒரு டெமோ பீஸ் வெச்சு, ரப்பர் மட்டும் மாத்திக் குடுத்து, வாசல்ல ரோட்டோரமா நின்னு ரெண்டு நிமிஷம் வீட்டுக்குக் கால் போட்டுப் பாக்க விடலாமில்ல? பாட்டு போட்டுக் காட்டறதுக்கு ஸ்பீக்கர் வெச்ச டேபிளே இருக்கு, கால் பண்ணிப் பாக்கறேன்னா மட்டும் மொறைக்கறாங்க. அந்த செத்துப்போன ஒண்ண வாரண்டில மாத்தறதுக்கு நான் நாலு வாரம் அலைஞ்சேன், கூரியர்ல அனுப்புங்கறாங்க, வந்து சேரலங்கறாங்க. கடைசில 1915-க்கு, அதான் தேசிய நுகர்வோர் உதவி நம்பரு, அதுக்குப் புகார் குடுத்தேன்னு ஒரு மெயில் போட்டதும் அடுத்த வாரமே புதுசு வந்துருச்சு. பில்லு மட்டும் பத்தரமா வெச்சிருங்க, பில்லு இல்லன்னா வாயே தொறக்க முடியாது.

எங்க டிரைவருங்களுக்கும் குச்சி மைக் வெச்ச ஒத்தக்காது ஹெட்செட் ஆறு வாங்கிக் குடுத்திருக்கேன். ஓட்டறப்போ பேசறதுக்கு இல்லைங்க. 2019 சட்டத் திருத்தத்துல கைல போன் புடிச்சுப் பேசிக்கிட்டு ஓட்டறத ஆபத்தான டிரைவிங்ல சேத்துட்டாங்க, காதுல மாட்டிக்கிட்டா கை ஃப்ரீதானேன்னு பசங்க வாதம் பண்ணுவாங்க, கை ஃப்ரீ, புத்தி ஃப்ரீயா? டீசல் போடறப்போ, சாப்பாட்டுக்கு நிக்கறப்போ அவங்களா கூப்பிடோணும்னு பேச்சு. நின்னுக்கிட்டு டயர்ல கட்டையப் போட்டுக்கிட்டே பேசறானுங்க, இப்பல்லாம் நாக்பூர் தாபா சத்தத்துலயும் கிலோமீட்டர் ரீடிங் ஒரு தரம் சொன்னாப் போதும், திருப்பிக் கேக்கறதில்ல.

ஆகவே ஆசிரியர் ஐயா, அடுத்த தடவை ஹெட்செட் பத்திப் போடறப்போ உங்க நிருபர ஒரு பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்புங்க, ஆபீஸ்ல இன்னொருத்தர் கைல நோட்டக் குடுங்க, இருபது வண்டி நம்பர் படிக்கச் சொல்லுங்க, எத்தன தப்புன்னு விலைக்குப் பக்கத்துலயே ஒரு கட்டம் போட்டு அச்சடிங்க. அரைப் பக்கம் கூட வேண்டாம், அந்த ஒரு கட்டம் போதும்.

இப்படிக்கு,
லாரி புக்கிங் ஆபீஸ்காரன்,
நாமக்கல்.

பி.கு.: அந்தக் குட்டி ஜோடிய எம்பையனுக்குக் குடுத்துட்டேன். பாட்டுக்கு செம்மையா இருக்குப்பாங்கறான், சந்தோசமா இருக்கான். காலேஜ்ல இருந்து அவன் கூப்பிட்டா மட்டும் மொதல் வார்த்தை நான்தான் சொல்றது, கழட்டிட்டுப் பேசுடா.